உசாவலும் எடுத்துரைப்பும்: ஒரு சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

முடிவெடுக்கும் முன் அரசு அமைப்புகள் மக்களிடம் கருத்துக் கேட்பதை ஆங்கிலத்தில் ‘பப்ளிக் கன்சல்டேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: கருத்துக் கேட்பு, கலந்தாய்வு, கலந்தாலோசனை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து இழையை முடித்துவிடலாம் என்று நேற்று எழுதிய நண்பர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாம் சொல் தேடுவது இங்கிலாந்தின் கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள், தயாரிக்கும் உள்ளூர்த் திட்டத்துக்கு. எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது, எந்தத் தொழிற்பேட்டை குடியிருப்பாக மாறும் என்பதையெல்லாம் பல ஆண்டுகளுக்குத் தீர்மானிக்கும் ஆவணம் அது. அங்கே மக்களிடம் இரண்டு முறை கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லால்தான் பேச்சில் குறிக்கிறார்கள். ஆனால் அவை இரண்டும் ஒன்றல்ல.

2012ஆம் ஆண்டின் திட்டமிடல் விதிகளின்படி தயாராகும் திட்டங்களில் முதல் கேள்வி 18ஆம் விதியின் கீழ் வருகிறது. திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்றே அப்போது கேட்கிறார்கள். ‘இந்த இடம் வேண்டாம், அந்த இடத்தைப் பாருங்கள்’ என்று சொல்ல அதுதான் நேரம். அதற்குப் பின் கவுன்சில் தன் முடிவை எடுத்து, அரசுக்கு அனுப்பப்போகும் திட்டத்தை 19ஆம் விதியின் கீழ் வெளியிடுகிறது. குறைந்தது ஆறு வாரம் அவகாசம் உண்டு. அப்போது எழுதுவது கவுன்சிலின் மனத்தை மாற்றுவதற்காக அல்ல. திட்டம் சட்டப்படி தயாரானதா, பழுதில்லாததா என்று பார்க்க அரசு நியமிக்கும் ஆய்வாளருக்காக எழுதுகிறோம். பழுதில்லாதது என்பதற்கு நான்கு அளவுகோல்கள் இருக்கின்றன: தேவையை நிறைவேற்ற முனைவது, ஆதாரத்தோடு நியாயப்படுத்தப்பட்டது, நடைமுறைக்கு ஆகக்கூடியது, தேசியக் கொள்கையோடு ஒத்துப்போவது. இவற்றைத் தொடாத கடிதம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் எடைபெறாது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் வசிக்கும் பகுதியில் வாசிகசாலை மண்டபத்தில் வரைபடங்களை விரித்து வைத்திருந்தார்கள். மொழிபெயர்த்து உதவப் போயிருந்தேன். ஊரில் ஆசிரியையாக இருந்த ஓர் அம்மா வந்து, கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் வாகனத் தரிப்பிடத்தில் அடுக்குமாடி வரக்கூடாது என்று அழகான தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அது இரண்டாவது கட்டம். முதல் கட்டத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “தாள் வந்தது தம்பி. ‘கருத்துக் கணிப்பு’ என்று போட்டிருந்தது. தேர்தல் நேரத்தில் வருமே, அதுபோல என்று நினைத்து எறிந்துவிட்டேன்” என்றார். மொழிபெயர்ப்பில் விழுந்த ஒரு தவறான சொல் அவருடைய வாய்ப்பைப் பறித்துவிட்டது. அந்த அம்மாவை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனிச் சொற்களுக்கு வருவோம். ‘கலந்தாய்வு’ நல்ல ஆக்கம்தான். ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பொறியியல் சேர்க்கையும் தரவரிசையும் மனத்தில் வந்துவிடும். பிள்ளைக்குக் கல்லூரி தேடிய எந்தப் பெற்றோரிடமிருந்தும் அந்தப் பொருளை இனிப் பிரிக்க முடியாது. ‘கலந்தாலோசனை’ இலங்கைத் தமிழருக்குப் பழகியது. ஆனால் அது ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதைச் சொல்கிறது. இங்கே கேட்பவரிடம் அதிகாரம் இருக்கிறது, சொல்பவரிடம் பேனா மட்டும் இருக்கிறது. ‘கருத்துக் கேட்பு’ எளிமையானது, வினைச்சொல்லாகவும் இயல்பாக வருகிறது. ஆனால் சுற்றுச்சூழல் அனுமதிக்காக மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடக்கும் ஒருநாள் கூட்டத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் என்ற தொனியும் அதில் இருக்கிறது.

அப்படி எழுந்து போக முடியாது என்பதுதான் இங்கிலாந்துச் சட்டத்தின் சாரம். 1985இல் லண்டனின் பிரென்ட் கவுன்சில் மீது, பள்ளிகளை மூடுவது தொடர்பாகத் தொடரப்பட்ட கன்னிங் வழக்கில், வழக்கறிஞர் ஸ்டீபன் செட்லி நான்கு நிபந்தனைகளை முன்வைத்தார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முடிவு உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். மக்கள் யோசித்துப் பதில் சொல்லப் போதிய விவரம் தர வேண்டும். போதிய காலம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு எடைபோட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். 2014இல் ஹாரிங்கே கவுன்சிலின் வரிச் சலுகைக் குறைப்பு பற்றிய மோஸ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நான்கையும் உறுதிசெய்தது. கைவிட்ட மாற்று வழிகளை மக்களிடம் சொல்லாமல் கேட்டது நியாயமற்றது என்றும் தீர்ப்பளித்தது. பிரென்டில் தமிழர்கள் நிறைந்து வாழ்கிறார்கள். அவர்கள் ஊரில் பிறந்த நெறி இது. தமிழில் அதற்கு ஒரு பெயர் வேண்டாமா?

என் முன்மொழிவு, முதல் கட்டத்துக்கு ‘உசாவல்’. உசாவுதல் என்றால் கேட்டறிதல், சூழ்ந்து ஆராய்தல். கேட்பதும் எடைபோடுவதும் ஒரே வேர்ச்சொல்லில் இருக்கின்றன. பழஞ்சொல், யாருக்கும் விளங்காது என்று ஒரு நண்பர் மறுப்பார் என்று தெரியும். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் அடியில் ‘உசாத்துணை’ என்று பார்த்தவர்களுக்கு இது அந்நியச் சொல் அல்ல. ‘கவுன்சில் உங்களிடம் உசாவுகிறது’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல்முறை தயங்கும் நாக்கு மூன்றாம்முறை பழகிவிடுகிறது.

இரண்டாம் கட்டத்தில் மக்கள் எழுதுவதை ஆங்கிலத்தில் ‘ரெப்ரசன்டேஷன்’ என்கிறார்கள். ஒரு தாளில் இதைப் ‘பிரதிநிதித்துவம்’ என்று பெயர்த்திருந்தார்கள். பதறிப்போனேன். ‘மனு’ எல்லோரும் அறிந்த சொல். ஆனால் ஏதோ ஒன்றை இறைஞ்சுவதுபோல ஒலிக்கிறது. ‘ஆட்சேபணை’ என்றால் திட்டத்தை ஆதரித்து எழுதுபவர் வெளியே நிற்கிறார். ‘எடுத்துரைப்பு’ என்று வைக்கலாம். திட்டத்தில் மாற்றம் வேண்டும் என்று இந்தக் கட்டத்தில் உரிய காலத்தில் எழுதியவருக்கு, ஆய்வாளர் முன் நேரில் பேச 2004ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் உரிமை தருகிறது. எழுத்தில் எடுத்துரைத்தவர் பிறகு நேரிலும் எடுத்துரைக்கிறார். இரண்டுக்கும் சொல் பொருந்துகிறது.

   

இரண்டு கட்டங்களிலும் மக்களுக்கு அனுப்பும் துண்டுப்பிரசுரத்துக்கு நான் எழுதிப் பார்த்த வரிகள் இவை:

“இது உசாவல் காலம். திட்டம் இன்னும் முடிவாகவில்லை. எங்கே வீடு வரலாம், எங்கே கூடாது என்று இப்போதே சொல்லுங்கள்.”

“இது எடுத்துரைப்புக் காலம். கவுன்சில் தன் திட்டத்தை முடிவுசெய்துவிட்டது. அதில் பழுது இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். ஆய்வாளர் முன் பேச விரும்பினால் அதையும் குறிப்பிடுங்கள்.”

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இந்த இரண்டு பத்திகளையும் விளக்கம் எதுவும் சொல்லாமல் வாசித்துக் காட்டுங்கள். எந்தத் தாளுக்கு உடனே பதில் எழுதத் தோன்றியது, எந்தச் சொல்லில் தடுக்கினார்கள் என்று இங்கே எழுதுங்கள். ‘உசாவல்’ பெரும்பாலோருக்குத் தடுக்கினால் ‘திட்டத்துக்கு முன் கருத்துக் கேட்பு’ என்று நீட்டி எழுதவும் எனக்குச் சம்மதம். இரண்டு கட்டங்களுக்கும் ஒரே சொல் என்பதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன்.