எல்க் முடி உருண்டு போகும் அந்த நொடி: கேடிஸ் கட்டுகிறவர்களின் அனுபவங்கள்

மீன்பிடி முள்ளில் நூல், முடி, இறகு சுற்றிப் பூச்சி மாதிரி செய்வதுதான் ஃப்ளை. கேடிஸ் என்ற நீர்ப்பூச்சியைப் போல, எல்க் என்ற பெரிய மானின் முடியில் சிறகு வைத்துக் கட்டுவது எல்க் ஹேர் கேடிஸ். அதைக் கட்டுகிறவர்கள் புனைபெயரில் எழுதியவை கீழே.

மேடிசன்கரை

உடம்பு சுற்றியாச்சு, ஹேக்கிள் (உடம்பைச் சுற்றும் சேவல் இறகு) ஓட்டியாச்சு, கம்பியும் போட்டாச்சு. எல்க் முடியை மேலே வைத்து நூலை இறுக்குகிற நொடியில் கற்றை மொத்தமும் உருண்டு முள்ளுக்கு அந்தப் பக்கம் போய்த் தொங்குகிறது. எல்க் ஹேர் கேடிஸ் பழகுகிற யார் வைஸிலும் (முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) இது நடக்கும். முதல் ஃப்ளையிலும் நடக்கும், நாற்பதாவதிலும் நடக்கும். அவிழ்த்து மறுபடி கட்டவும் முடியாது. முடி ஏற்கெனவே மடங்கியிருக்கும், அந்தக் கற்றை போனதுதான்.

காரணம் நூலின் இழுவை. நூல் நம் பக்கமிருந்து மேலேறி அந்தப் பக்கம் இறங்குகிறது. இறுகும்போது முடியையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறது. அதனால் கற்றையை முள்ளுக்கு நேராக வைக்கக்கூடாது. நுனி வால்பக்கம் பார்க்க, கற்றை முள்ளின் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் நம் பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். முதல் இரண்டு சுற்று பாபினின் (நூல்கண்டு மாட்டிய பிடி) எடையில் மட்டும் படியணும், இழுக்கக்கூடாது. மூன்றாவதில் பாபினை நேர்கீழாக இழுத்தால் சாய்ந்திருந்த முடி தானாக உச்சிக்கு வந்து நிற்கும். இடது கை விரல்கள் அதுவரை பிடியை விடவே கூடாது. அதே இடத்தில் இறுக்கமாக ஐந்தாறு சுற்று விழுந்த பிறகுதான் விரலை எடுக்கணும். முக்கால்வாசிப் பேர் மூன்றாவது சுற்றிலேயே எடுத்துவிடுகிறார்கள், எப்படி நிற்கிறது என்று பார்க்கும் ஆசையில்.

இன்னொன்று, கட்டும் இடத்தில் டப்பிங் பஞ்சு (உடம்புக்குச் சுற்றுவது) இருக்கவே கூடாது. 14-ம் நம்பர் முள்ளில் கண்ணுக்கு (கயிறு கோக்கும் துளை) பின்னால் 2 மி.மீ. இடம் காலியாக விட்டு, அங்கே நூலை நெருக்கமாக நாலைந்து சுற்று சுற்றி மெத்தை போடணும். பஞ்சு உருண்டையாகவும் வழுக்கலாகவும் இருக்கும். அதன் மேல் எத்தனை இறுக்கினாலும் சிறகு ஆடும்.

நூல்கண்டு

மெத்தை சரி, சாய்ப்பது பாதிதான் சரி. 16, 18-ம் நம்பர் இன்னும் சின்ன முள், சாய்க்கவே இடம் இருக்காது. அங்கே வேறு வழி: முதல் சுற்றை முடியை மட்டும் சுற்றிப் போடுங்க, முள்ளைத் தொடவேண்டாம். அடுத்த சுற்று முடியையும் முள்ளையும் சேர்த்து. கற்றை ஒரு கட்டாக இறுகிவிடுவதால் பிரிந்து பக்கவாட்டில் வழியாது.

ஆனால் உருளுவதற்குப் பெரிய காரணத்தை மேலே யாரும் சொல்லவில்லை. முடி அதிகம். விரலால் நெருக்கிப் பிடித்தால் 14-ம் நம்பருக்கு ஒரு தீக்குச்சி கனம், 16-க்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு, அவ்வளவுதான். பழகுகிறவர் எடுக்கும் கற்றை இதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். நடுவில் இருக்கிற முடியை நூல் எட்டிப் பிடிப்பதே இல்லை. நாலு மீன் கடித்ததும் சிறகு நடுவிலிருந்து கொத்தாக உருவிக்கொண்டு வரும்.

வெட்டியெடுத்த கற்றையை நுனியில் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைச் சீவணும். அடியில் கம்பளி மாதிரி இருக்கிற குட்டை ரோமம் முழுக்க வெளியே வரணும். பழைய டூத் பிரஷ் போதும். அந்த ரோமம் பாக்கியிருந்தால் ஸ்டாக்கரில் (முடியைப் போட்டுத் தட்டி நுனிகளைச் சமமாக்கும் குழாய்) எத்தனை தட்டினாலும் நுனிகள் ஒன்றுசேராது, ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நிற்கும். தட்டியும் குழாயின் உள்பக்கம் முடி ஒட்டிக்கொண்டால் அது நிலைமின்சாரம். துணி உலர்த்தியில் போடும் மெல்லிய வாசனைத் தாளால் குழாயை உள்ளே ஒருமுறை துடைத்தால் போய்விடும்.

நீளம்: சிறகின் நுனி முள்ளின் வளைவு முடியும் இடத்தோடு நிற்கணும். அதைத் தாண்டி நீண்டால் ஃப்ளை பின்னால் கனத்து உட்காரும்.

கருஞ்சேவல்

சிறகு பற்றியே பேசுறீங்க. எனக்கு மனசுல நிக்கிற காட்சி வேற. மூணாவது ட்ரவுட் மீனை விடுவிச்சு ஃப்ளையைத் தண்ணியிலிருந்து தூக்கினா, ஹேக்கிள் தண்டு அறுந்து ஸ்பிரிங் மாதிரி அவிழ்ந்து தொங்கும். மீனோட பல்லு அந்தத் தண்டைத்தான் முதல்ல அறுக்கும்.

இதுக்கு மருந்து அல் ட்ராத் 1957-ல பென்சில்வேனியாவுல இந்த ஃப்ளையைக் கட்டினப்பவே அதுக்குள்ள வச்சுட்டார். மெல்லிய தங்கக்கம்பி. அதை எங்கே கட்டுறோம்ங்கிற வரிசைதான் முக்கியம். முதல்ல கம்பியை வால்பக்கம் கட்டி விட்டுடணும். அப்புறம் பஞ்சு. ஹேக்கிளை முன்பக்கம், சிறகுக்கு விட்ட இடத்துக்குப் பின்னாடி கட்டணும். அங்கேயிருந்து பின்னோக்கி இடைவெளி விட்டு 5 அல்லது 6 சுற்று. வால்ல வந்ததும் இறகு நுனியைக் கம்பியால ரெண்டு சுற்றுல பிடிச்சு, கம்பியை எதிர்த்திசையில முன்னாடி கொண்டு வரணும். அப்பத்தான் ஒவ்வொரு சுற்றும் தண்டைக் குறுக்கே அமுக்கும். ஒரே திசையில சுத்தினா தண்டுக்கும் தண்டுக்கும் நடுவுல கம்பி படுத்துக்கும், ஒரு பிரயோஜனமும் இல்லை.

கம்பி முன்னாடி வரும்போது அதை லேசா இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே வாங்க. இல்லேன்னா இழைகளை உடம்போட சேர்த்து அமுக்கிடும். கடைசியில கம்பியைக் கத்தரியால வெட்டவேண்டாம். ஆட்டினா தானா முறியும், கத்தரி முனையும் மழுங்காது.

இறகு அளவு: இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்துக்கு (தண்டுக்கும் முனைக்கும் நடுவுல உள்ள இடைவெளி) சமம். கொஞ்சம் குட்டையா இருந்தா நல்லதுதான். நீளமா இருந்தா ஃப்ளை கால்ல எழுந்து நிக்கும், உடம்பு தண்ணியைத் தொடாது.

ஓடைக்கல்

கருஞ்சேவல் கடைசி வரியிலேயே சொல்லிவிட்டார், உடம்பு தண்ணீரைத் தொடாது என்று. அப்புறம் எதற்கு ஹேக்கிள்?

மே மாதம் இரண்டாம் ஞாயிறை ஒட்டி அன்னையர் தினக் கேடிஸ் கிளம்பும். பிராக்கிசென்ட்ரஸ் பேரினம், கோலராடோவின் ஆர்கன்ஸா ஆற்றிலும் மொன்டானாவின் யெல்லோஸ்டோன் ஆற்றிலும் வருவது. தண்ணீர் 10, 12 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் சாயங்காலம் புகை மாதிரி எழும். அந்த வேளையில் மெதுவான நீரோட்டத்தில் ஒரு ட்ரவுட் எழுந்து, மூக்கு கிட்டத்தட்டத் தொடுகிற தூரம் வரை வந்து, ஃப்ளையோடு சேர்ந்தே ஓரடி தூரம் பின்னோக்கி மிதந்து, பிறகு கீழே இறங்கிவிடும். அந்த மறுப்பு கண்ணை விட்டுப் போகாது. உயரமாக நிற்கும் ஃப்ளைக்குத்தான் அது நடக்கிறது.

மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் கிரெய்க் மேத்யூஸும் ஜான் ஜுராசெக்கும் உருவாக்கிய எக்ஸ் கேடிஸில் ஹேக்கிளே கிடையாது. வாலில் அம்பர் நிற ஸீலான் என்ற செயற்கை இழை, முள்ளின் பாதி நீளத்துக்கு, மிகக் குறைவாக. கூட்டிலிருந்து பாதி வெளியேறிய பூச்சியின் உரிந்த தோல் அது. ஆலிவ் பஞ்சு, மேலே மான் முடிச் சிறகு, முடிந்தது. வயிறு நீர்ப்படலத்தில் படிந்து கிடக்கும்.

ஏற்கெனவே ஹேக்கிளோடு கட்டி வைத்திருந்தால் வீசவேண்டாம். அடிப்பக்க இழைகளைக் கத்தரியால் கவிழ்த்த V வடிவில் வெட்டிவிட்டால் உடம்பு இறங்கி உட்காரும். இதை ஆற்றங்கரையிலேயே செய்யலாம்.

நூல்கண்டு

ஓடைக்கல், மெதுவான தண்ணீருக்கு நீங்கள் சொல்வது சரி. மொன்டானாவின் மேடிசன் ஆற்றில், கல்லில் மோதி ஓடும் தண்ணீரில் ஹேக்கிள் இல்லாத ஃப்ளை இரண்டாவது அலையில் மூழ்கிவிடும். அங்கே மீனுக்கு மூக்கை நீட்டிச் சோதிக்க நேரமும் கிடையாது. ஒரே பெட்டியில் இரண்டும் இருக்கட்டும், தண்ணீரைப் பார்த்து எடுங்க.

இன்னொன்று, மான் முடி என்று பொதுவாகச் சொன்னால் பழகுகிறவர் குழம்பிப்போவார். மான் முடி எல்க்கை விட உள்ளே அதிகம் பொள்ளல், நூல் இறுகியதும் விசிறியாக விரியும். எக்ஸ் கேடிஸுக்கு அது வேண்டும். ட்ராத் ஃப்ளைக்கு எல்க், அதிலும் பெண் எல்க் முடி. கூரை மாதிரி படியும், முறைத்துக்கொண்டு நிற்காது.

பூச்சிப்பெட்டி

சிறகு, ஹேக்கிள் எல்லாம் பிறகு. பெட்டியைத் திறந்தால் விலை கொடுத்து வாங்கிய சேவல் கழுத்துத் தோலிலிருந்து இறகுகள் தண்டு இல்லாமல் தவிடு மாதிரி கொட்டும். அதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அந்துப்பூச்சியும் தோல் தின்னும் வண்டும் செய்யும் வேலை.

யாரும் கேட்கவில்லை என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். புதிதாக வரும் எந்தத் தோலையும், இறகையும், எல்க் முடித் துண்டையும் நேராகப் பெட்டியில் சேர்க்கக்கூடாது. காற்றுப்புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம். எடுத்து அறைச் சூட்டில் இரண்டு நாள். திரும்ப ஒரு வாரம். நடுவில் வெளியே எடுப்பதுதான் சூட்சுமம். குளிரில் தப்பிய முட்டைகள் சூட்டில் பொரிந்தால் புழுக்கள் இரண்டாவது குளிரில் சாகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஈரம் படியும், தோல் கெட்டுப்போகும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கவும்.

தேவதாரு மரத்துண்டு போட்டால் போதும் என்கிறார்கள். போதாது. வாசனை இருக்கும், பூச்சியும் இருக்கும். ஒவ்வொரு தோலுக்கும் தனித்தனிப் பை வைத்தால் ஒன்றில் பூச்சி வந்தாலும் மற்றது பிழைக்கும். தோலின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் போராக்ஸ் தூவி நாலு நாள் வைத்துத் தட்டிவிடுங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரிக்கரையில் கிடக்கிற காட்டுப்பறவை இறகை எடுத்து வந்து கட்டாதீர்கள். 1918-ம் ஆண்டின் வலசைப்பறவைச் சட்டப்படி பெரும்பாலான காட்டுப்பறவைகளின் இறகைக் கையில் வைத்திருப்பதே குற்றம், கீழே கிடந்து எடுத்ததாக இருந்தாலும். வளர்ப்புச் சேவல் இறகுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

 

ஆழத்தண்ணி

ஓடைக்கல் சொன்ன மறுப்பு மாதிரி இன்னொரு ஏமாத்தமும் இருக்கு. மீன் எகிறி அடிக்குது, தண்ணி தெறிக்குது, முள்ளுல எதுவும் மாட்டலை. அது மேலே மிதக்கிற பூச்சியைத் தின்னவே இல்லை. கூட்டுப்புழு மேலே ஏறி வரும்போது படலத்துக்கு ஒரு சாண் கீழேயே துரத்திப் பிடிக்குது, அந்த வேகத்துலதான் வெளியே எகிறுது. அப்ப எல்க் முடி எவ்வளவு அழகா உட்கார்ந்தாலும் பலன் கிடையாது.

கேரி லஃபோன்டெய்ன் ஸ்கூபா போட்டு ஆத்துக்குள்ள இறங்கிப் பார்த்த ஆளு. அந்தப் புழுவைச் சுத்தி மின்னுற காத்துக்குமிழியைத்தான் மீன் பார்க்குதுன்னு ஆன்ட்ரான்ங்கிற மின்னுற செயற்கை இழையில ஸ்பார்க்கிள் ப்யூப்பாங்கிற கூட்டுப்புழு ஃப்ளையைக் கட்டினார். இதுல எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணே ஒண்ணுதான், ஆன்ட்ரான் அதிகம். குமிழி வழியா உள்ளே இருக்கிற உடம்பு தெரியணும். தெரியலேன்னா அது பஞ்சு உருண்டை.

14-ம் நம்பருக்கு ஆன்ட்ரான் நூலோட ஒரு இழைப்புரியை எடுத்துச் சீவிப் பிரிங்க. மேலே பாதி, கீழே பாதி, ரெண்டையும் வால்ல கட்டி பின்னாடி தொங்க விடுங்க. ரோமமும் நறுக்கின ஆன்ட்ரானும் கலந்து சொரசொரன்னு உடம்பு சுத்துங்க, முள்ளின் மூணுல ரெண்டு பங்கோட நிறுத்துங்க. கீழ்ப்பாதியை முன்னாடி கொண்டு வந்து கட்டுங்க, அப்புறம் மேல்பாதி. இழுத்துக் கட்டாதீங்க, தொளதொளன்னு இருக்கட்டும். பிறகு ஊசி முனையால இழைகளை வெளியே தூக்கிவிட்டா உடம்பைச் சுத்திக் குமிழி நிக்கும். முன்பக்கம் ரெண்டு மூணு இழையை வெட்டிவிட்டா அது பின்னாடி உரிந்த தோல் மாதிரி தொங்கும். மேலே எட்டு பத்து மான் முடி, முன்னாடி பழுப்புப் பஞ்சுல தலை.

போடுறப்ப எறிஞ்சு சும்மா மிதக்க விடுங்க. ஓட்டத்தின் கடைசியில கயிறு இறுகி ஃப்ளை மேலே ஏறுது பாருங்க, அந்த இடத்துல கழியை அசைக்காம பிடிங்க. கடி அங்கேதான் வரும், கையை உலுக்கிப் போட்டுடும். 5எக்ஸ் நுனிக்கயிறு மெல்லிசு, அதுல அறுந்துடும், கொஞ்சம் தடிச்ச 4எக்ஸ் போடுங்க.

மேடிசன்கரை

நூல்கண்டு சொன்ன ‘முடியை மட்டும் ஒரு சுற்று’ 16-ல் நன்றாகவே நிற்கிறது, என் சாய்ப்பை விட மேல்.

ஒன்று விட்டுப்போயிற்று. சிறகு கட்டியதும் அடிமுடியை மேலே தூக்கிப் பிடித்து, அதற்கு முன்னால் வெறும் முள்ளின் மேல் மூன்று சுற்று போடவும். முடிச்சும் அங்கேதான், முடிக்கு அடியில், கண்ணை அடைக்காமல். பிறகு அடிமுடியை ஒரே வெட்டில், முள்ளுக்கு இணையாகக் கத்தரியைப் பிடித்து, 2 மி.மீ. விட்டு வெட்டவும். அதுதான் தலை. இரண்டு மூன்று தடவையாக நறுக்கினால் நூலை வெட்டிவிடும், சிறகு முழுக்க கையில் வந்துவிடும். நூல் சுற்றின் மேல் ஊசி முனையால் ஒரு சொட்டு பசை வைத்துவிட்டு, கண் அடைபட்டிருக்கிறதா என்று அதே ஊசியால் குத்திப் பார்த்துவிடுங்கள். இருட்டின பிறகு ஆற்றில் நின்றுகொண்டு காய்ந்த பசையைச் சுரண்ட முடியாது.