வில்லுப்பாட்டு வீடியோ: குடம் அடித்த பிறகுதான் சத்தம் வருகிறது

தோவாளைப் பக்கம் எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடை விழாவில் போன வெள்ளி ராத்திரி வில்லுப்பாட்டைப் பதிவு செய்தேன். வீடியோ ஆண்ட்ராய்டு போனில், நொடிக்கு 30 பிரேம். ஒலி தனியாகக் கையடக்க ரெக்கார்டரில், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) கோப்பு. இரண்டும் இடையில் நிறுத்தாமல் 50 நிமிடம் ஓடியவை.

டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் முதல் கைதட்டலை வைத்துச் சேர்த்தால் ஆரம்பம் கச்சிதம். போகப்போக விலகுகிறது. கடைசி வாழிப்பாட்டில் மட்டை குடத்தின் வாயில் விழுந்து, கை மேலே போன பிறகுதான் ‘தும்’ என்று கேட்கிறது.

அலைவடிவத்தை வைத்துத் தானாகச் சேர்க்கும் வசதியிலும் இதே கதை. அப்புறம், போன் வீடியோவில் பிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும் என்று அறிந்து, ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் மாறாத 30 பிரேமாக மாற்றினேன். ஒன்றரை நொடி விலகல் 8 பிரேமாகக் குறைந்தது. அதற்கு மேல் நகரவில்லை. ரிசால்வ் புராஜெக்டும் 30 பிரேம்தான், பார்த்துவிட்டேன்.

பாடியவர் எங்கள் ஊரின் மூத்த பாட்டுக்காரர். இப்போது அதிகம் மேடையேறுவதில்லை, திரும்ப எடுக்க வழியில்லை. அவர் குரல் கெடாமல் இருக்க வேண்டும்.

முழு ஒலியையும் 100.01 சதவீத வேகத்துக்கு மாற்றுவதா, பாட்டு நிற்கும் இடங்களில் வெட்டி நகர்த்துவதா, எது சரி?