பிரெஞ்சில் 'லு' எங்கே, 'லுயி' எங்கே?

மழைக்காலம்:
டெல்ஃப் ஏ2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்கு ஆங்கில வழிப் புத்தகம் ஒன்றை வைத்துப் படிக்கிறேன். 'அவரை', 'அவருக்கு' போன்ற பிரதிப்பெயர்களில் டைரக்ட் ஆப்ஜெக்ட்டுக்கு லு, லா, லே. இன்டைரக்ட்டுக்கு லுயி, லெர் என்று அட்டவணை மட்டும் போட்டிருக்கிறார்கள். 'லிசன் டு' என்பதால் லுயி வரும் என்று பார்த்தால் லு வருகிறது. 'கால் ஹிம்' என்பதால் லு வரும் என்று பார்த்தால் லுயி வருகிறது. எதை வைத்துப் பிரிப்பது? இன்னொன்று: 'எக்ரி' (எழுதிய) சில வாக்கியங்களில் 'எக்ரித்' ஆகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

வெண்பா:
ஆங்கில 'டு'வை முதலில் மறந்துவிடுங்கள். பிரெஞ்சு வினைக்கும் பெயருக்கும் நடுவில் 'அ' என்ற ப்ரீபொசிஷன் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் டைரக்ட், நின்றால் இன்டைரக்ட். பிரெஞ்சுப் பாடங்களில் இவற்றை சேஓதே, சேஓஈ என்பார்கள்.

எகூத்தே, ரகார்தே, ஷெர்ஷே, அத்தாந்த்ர் (கேட்க, பார்க்க, தேட, காத்திருக்க) நான்கும் பெயரை நேராக எடுக்கும். ஆங்கிலத்தில் நான்குக்கும் டு, அட், ஃபார் என்று ஏதோ ஒன்று வேண்டும். நேரெதிர்க் கூட்டம் தெலெஃபோனே, ஒபேயிர், ரெபோந்த்ர், ரசாம்ப்லே (போன் செய்ய, கீழ்ப்படிய, பதில் சொல்ல, ஒத்திருக்க). ஆங்கிலத்தில் நேராக வரும் இவற்றுக்கு பிரெஞ்சில் 'அ' கட்டாயம். அந்த 'அ' கண்ணுக்குத் தப்பும் இடமும் உண்டு: 'அ'வும் பெயருக்கு முன் வரும் ஆர்ட்டிகிள் 'லு'வும் சேர்ந்து 'ஓ' ஆகிவிடும். 'பார்லே ஓ திரெக்தர்' (இயக்குநரிடம் பேச) என்பதில் 'அ' ஒளிந்திருக்கிறது, ஆகவே லுயி.

நமக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் வேற்றுமை கைகொடுக்கும். 'அவரைத் தேடுகிறேன்' என்றால் ஐ, அது லு. 'அவருக்குப் போன் செய்தேன்', 'அவருக்குப் பதில் சொன்னேன்' என்றால் கு, அது லுயி. 'சா மு ப்ளே' என்பது அப்படியே 'எனக்குப் பிடிக்கிறது'. ஆங்கில வழியாகப் போனால்தான் தலைகீழாகத் தெரியும்.

கடற்கரைச்சாலை:
வெண்பா சொல்வது பெரும்பாலும் சரி, ஆனால் வேற்றுமையை அப்படியே நம்பினால் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். 'அவருக்கு உதவுகிறேன்' தமிழில் கு. பிரெஞ்சில் எதே நேர்வினை, 'ஜு லெத்'. 'அவருக்கு நன்றி சொல்கிறேன்' என்பதும் அப்படித்தான்: 'ஜு லு ரமெர்சி'. 'அவருக்காகக் காத்திருக்கிறேன்' என்பதற்கும் லுயி கிடையாது. மறுபக்கம், நாம் 'இடம்' போடும் ஆளுக்கு லுயி வரும். 'கடைக்காரரிடம் விலையைக் கேட்டேன்' என்பதில் விலை டைரக்ட், கடைக்காரர் இன்டைரக்ட். துமாந்தே இரண்டையும் ஒன்றாக எடுக்கும்.

லுயி, லெர் இரண்டும் ஆட்களுக்குத்தான். கடிதத்துக்குப் பதில் எழுதினால் 'ஜி ரெபோன்', அதாவது லுயிக்குப் பதில் 'இ'. 'பான்சே அ' இந்த ஒழுங்குக்கே கட்டுப்படாது. ஒருவரை நினைத்தால் 'ஜு பான்ஸ் அ லுயி' என்று லுயி வினைக்குப் பின்னால் போய்விடும். இதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காமல் மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

மழைக்காலம்:
நன்றி. அப்படியென்றால் புது வினை ஒன்று வந்தால் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எக்ரித் விஷயமும் பாக்கி.

வெண்பா:
அகராதியில் வினையை மட்டும் பார்க்காமல் அது வரும் வாக்கிய அமைப்பையும் பாருங்கள். 'துமாந்தே கெல்க் ஷோஸ் அ கெல்கான்', அதாவது 'ஏதோ ஒன்றை யாரோ ஒருவரிடம்' என்று போட்டிருக்கும். சுருக்கமாக ஒவ்வொன்றுக்கும் சில எழுத்துகள்தான் இருக்கும். நோட்டில் எழுதும்போதும் 'தெலெஃபோனே' என்று மொட்டையாக எழுதாமல் 'தெலெஃபோனே அ கெல்கான்' என்றே எழுதுங்கள்.

கடற்கரைச்சாலை:
எக்ரித் பற்றி: பாசே கொம்போசே என்ற இறந்தகாலத்தில் அவ்வார் துணைவினையாக இருந்து, டைரக்ட் ஆப்ஜெக்ட் வினைக்கு முன்னால் வந்துவிட்டால், பார்ட்டிசிபிள் (எக்ரி போன்ற வினைவடிவம்) அந்தப் பெயரின் பாலையும் எண்ணையும் ஏற்கும். 'ஜே எக்ரி லா லெத்ர்' என்பதில் கடிதம் பின்னால் இருக்கிறது, மாற்றம் இல்லை. 'ஜு லே எக்ரித்' என்பதில் கடிதத்தைக் குறிக்கும் 'ல்' முன்னால் வந்துவிட்டது. லு, லா இரண்டுமே உயிரொலிக்கு முன் 'ல்' ஆகிவிடுவதால், பேசப்படுவது பெண்பால் என்று காட்டுவது அந்தக் கடைசி 'த்' மட்டும்தான்.

மாஞ்ஜே, பார்லே போன்றவற்றில் வித்தியாசம் எழுத்தில்தான், காதில் விழாது. மி-மீஸ், ப்ரி-ப்ரீஸ், ஃபே-ஃபெத், ஊவேர்-ஊவெர்த் எல்லாம் நன்றாகக் கேட்கும்; வாய்மொழித் தேர்வுக்கு இவற்றைப் பழகினால் போதும். (16ஆம் நூற்றாண்டில் கவிஞர் க்லெமான் மரோ இத்தாலியத்தைக் காட்டிப் பரிந்துரைத்த விதி இது. பிரெஞ்சுக்காரர்களே இன்றும் இதில் தடுக்கி விழுகிறார்கள்.)

இன்டைரக்ட் முன்னால் வந்தால் எதுவும் மாறாது. ஒரே வினையை இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள்: 'லா லெத்ர் க ஜே எக்ரித்', நான் எழுதிய கடிதம். 'லா ஃபாம் அ கி ஜே எக்ரி', நான் யாருக்கு எழுதினேனோ அந்தப் பெண். இரண்டும் பெண்பால்தான், ஆனால் 'அ' நின்ற இடத்தில் 'த்' வரவில்லை.