மேடே இல்லாத ஊரிலிருந்து சிசிசி ஓட்டத்துக்குப் பயிற்சி

கேள்வி: இத்தாலியின் கூர்மாயூரில் தொடங்கி பிரான்ஸின் ஷமோனியில் முடியும் சிசிசி மலை ஓட்டப் போட்டிக்குத் தயாராகிறேன் (சுமார் 100 கி.மீ., 6,000 மீட்டருக்கு மேல் ஏற்றம்). இன்னும் 5 மாதம் இருக்கு. ட்ரெட்மில்லில் 15% சாய்வில் நடக்கிறேன். போதுமா?

பதில் 1: ஏற்றத்துக்குப் போதும், கைப்பிடியைப் பிடிக்காம நடந்தா. ஆளை உட்கார வைக்கிறது இறக்கம்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுக்கிட்டே எடையைத் தாங்குது. பழக்கமில்லாத தசை சீக்கிரமே சேதமாகும். அப்புறம் சமதளத்துல கூட ஓட முடியாது. உயரமான கட்டிடம் கிடைச்சா லிஃப்ட்ல ஏறி, படியில இறங்குங்க. வாரம் ஒருமுறை, மொத்தமா 200 மீட்டர் உயரம் இறங்குறதுல ஆரம்பிச்சு மெதுவா 800 வரை கூட்டலாம். கடைசி கடும் இறக்கம் போட்டிக்கு 2-3 வாரம் முன்னாடி முடியணும். இறக்கத்துக்குப் பழகின தசைக்குக் கிடைக்கிற பாதுகாப்பு சில வாரம் நிக்கும்.

கேட்டவர்: படி இறங்கினா முழங்கால் வலிக்குதே?

பதில் 2: ரெண்டு ரெண்டு படியாத் தாவுறீங்களோ? சின்ன அடி, வேக அடி. ஜிம்ல 20 செ.மீ. பெட்டியிலிருந்து ஒற்றைக் காலில் 3 விநாடி எடுத்து இறங்குங்க, 8 முறை, 3 சுற்று. வலி தொடர்ந்தா பிசியோகிட்ட காட்டுங்க.

பதில் 3: வயித்தையும் பழக்குங்க. நீண்ட ஓட்டங்கள்ல மணிக்கு 40 கிராம் மாவுச்சத்துல தொடங்கி 60-க்குக் கொண்டு வாங்க. போட்டியன்னிக்குப் புது ஜெல் (ஓடும்போது சாப்பிடுற சத்துக் கூழ்) வேண்டவே வேண்டாம்.