செனட் ஹவுஸ்: சீரமைத்த மண்டபத்தைப் பூட்டியே வைக்க வேண்டுமா?

கடலோரன்:
காமராசர் சாலை வழியாக நாள்தோறும் பேருந்தில் செல்லும்போது, சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் நான்கு மூலைகளிலும் கோபுரங்களுடன் நிற்கும் செனட் ஹவுஸைப் பார்க்கிறேன். நான் பார்த்தவரை அதன் கதவுகள் பெரும்பாலும் சாத்தியே இருக்கின்றன. அது எதற்கெல்லாம் பயன்பட்டது, இனி எதற்குப் பயன்படலாம் என்பதை அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

பழைய மாணவர்:
1857-இல் பல்கலைக்கழகம் தோன்றியபோது பாடம் நடத்தியவை கல்லூரிகள். தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே பல்கலைக்கழகத்தின் வேலை. ஆகவேதான் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸோம் வகுத்த திட்டப்படி 1874 முதல் 1879 வரை எழுந்த இக்கட்டடத்தின் நடுவில், ஏறக்குறைய 130 அடி நீளமும் 54 அடி உயரமும் கொண்ட ஒரே பெரிய மண்டபம் அமைந்தது. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை பொறுப்பேற்றதும், சட்டமன்றப் பேரவை ஜூலை முதல் டிசம்பர் வரை இங்கேதான் கூடியது. மறு ஆண்டு இன்றைய ராஜாஜி மண்டபத்திற்கு இடம் மாறியது. பிற்காலத்தில் பட்டமளிப்பு விழாவும் நூற்றாண்டு விழா மண்டபத்திற்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால், அந்த இழப்புதான் பெரிது.

காரைக்காரர்:
பழங்கட்டடங்களில் சுண்ணாம்புக் காரை வேலை செய்பவன் நான். பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டி இக்கட்டடம் சீரமைக்கப்பட்டது. அதன்பின் ஒருமுறை உள்ளே சென்றபோது, வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் தரையில் சிவப்பும் நீலமுமாகச் சிதறிக் கிடந்ததைக் கண்டு வெகுநேரம் நின்றுவிட்டேன். கடற்காற்றின் உப்பும் ஈரமும் காரையை ஓயாமல் அரிக்கும். ஆள் நடமாட்டம் இருந்தால், கூரையில் கைக்குட்டை அளவுக்கு ஈரம் படரும்போதே யாரேனும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பூட்டிக் கிடந்தால் காரை பெயர்ந்து விழுந்த பிறகுதான் தெரியும். அப்போது அவசரத்திற்குச் சிமெண்டை அப்பினால், ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லே உதிரத் தொடங்கும்.

துறைப் பேராசிரியர்:
திறக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் விழாக்களுக்கு வாடகைக்கு விடுவதை ஏற்க மாட்டேன். ஓவியம் தீட்டிய சுவரில் விழா அலங்காரத்திற்காக அடிக்கப்படும் ஓர் ஆணியின் தழும்பைப் பிறகு எந்தக் கைவினைஞராலும் முழுமையாக மறைக்க முடியாது. முனைவர் பட்டம் பெறுவோருக்கு மட்டுமாவது பட்டமளிப்பை இங்கே நடத்தலாம். பொதுச் சொற்பொழிவுகளுக்கும் இடம் தரலாம்.

கடலோரன்:
நன்றி ஐயா. மாதத்தில் ஒரு நாளாவது பொதுமக்கள் உள்ளே வந்து பார்க்க அனுமதிக்குமாறு பதிவாளருக்கு விண்ணப்பம் எழுதப் போகிறேன். கையொப்பமிட விரும்புவோர் இங்கேயே தெரிவிக்கலாம்.