நாணயமும் எழுத்தும் இன்றி இன்கா அரசு எவ்வாறு இயங்கியது?

வெள்ளவத்தை வாசகி:

அன்பர்களுக்கு வணக்கம். தரம் பத்தில் பயிலும் என் மகளுடன் தென் அமெரிக்காவின் பழைய இன்கா மக்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது, அவள் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் விடை கூற முடியவில்லை. நாணயமோ, எழுத்தோ, சில்லுப் பூட்டிய வண்டியோ இல்லாத ஓர் அரசு, தலைநகர் குஸ்கோவிலிருந்து கொண்டு, இன்றைய ஈக்குவடோர் முதல் சிலியின் நடுப்பகுதி வரை எவ்வாறு ஆண்டது? உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கொட்டாஞ்சேனை:

சகோதரி, இன்கா அரசு வரியை முதன்மையாக உழைப்பாகவே பெற்றது. 'மித்தா' எனப்பட்ட அந்த முறையில் குடும்பங்கள் முறைவைத்து வீதி அமைக்கவும், மலைச்சரிவில் படிக்கட்டு வயல்களைக் கட்டவும், படையில் சேரவும் ஆள் அனுப்பின. அந்த நாட்களில் அவர்களுக்கு உணவும் சோளத்தில் காய்ச்சிய 'சிச்சா' என்ற மதுவும் வழங்குவது அரசின் கடமை. 1832 இல் ஒழிக்கப்பட்ட நம் நாட்டு இராசகாரியம் என்ற கட்டாய உழைப்பு முறையை எடுத்துக்காட்டினால் மகளுக்கு எளிதில் விளங்கும். அரசு கொடுப்பதற்குக் களஞ்சியம் நிறைந்திருக்க வேண்டுமல்லவா? உவானுக்கோ பம்பா என்ற ஓரிடத்தில் மட்டும் மலைக்காற்று படும் சரிவில் ஏறத்தாழ 500 களஞ்சியங்கள் வரிசையாக நின்றன. ஆயினும் இதனைப் பொற்காலமாகக் கருதிவிடக் கூடாது. கைப்பற்றிய மக்களை ஊரோடு பெயர்த்துத் தொலைதூரத்தில் குடியேற்றியதும் இதே அரசுதான்.

யாழ்ப்பாணத்தான், தெகிவளை:

ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட களஞ்சியங்களில் உணவு கெடாமல் இருந்ததற்குச் 'சுஞ்ஞோ' ஒரு முக்கிய காரணம். உயர்மலை இரவின் உறைபனியில் உருளைக்கிழங்கைப் பரப்பி வைத்து, பகலில் இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவிடுவார்கள். பல நாட்கள் இவ்வாறு செய்தபின் கிடைக்கும் கல் போன்ற கிழங்கு ஆண்டுக்கணக்கில் கெடாது. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து ஒடியலாக்கிச் சேமிக்கும் எங்கள் வீடுகளின் வழக்கம் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. நாங்கள் வெயிலை மட்டும் நம்பினோம்; அவர்கள் பனியையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளவத்தை வாசகி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒடியல் என்றதும் மகளுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. இத்தனை களஞ்சியங்களின் கணக்கை எழுத்தின்றி எவ்வாறு வைத்திருந்தார்கள்?

கணிதப் பட்டதாரி, பம்பலப்பிட்டி:

கயிற்றில் முடிச்சிட்டு வைத்திருந்தார்கள், அக்கா. 'கீப்பு' என்பது ஒரு தலைக்கயிறும் அதிலிருந்து தொங்கும் பல கயிறுகளும் கொண்டது. அதன் எண்கள் நம்முடையவை போலவே பத்தடிமானத்தில் அமைந்தவை என்பதை லீலண்ட் லொக் என்ற ஆய்வாளர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவினார். மகளிடம் ஒரு கயிற்றைக் கொடுத்து 243 என்ற எண்ணை இடச் சொல்லுங்கள். மேலே அருகருகே இரண்டு முடிச்சுகள், சிறிது இடைவெளி விட்டு நான்கு முடிச்சுகள், அடியில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இழுத்த ஒரே நீள முடிச்சு. 203 ஆக வேண்டுமென்றால் நடுவிடத்தை வெறுமையாக விட வேண்டும். அந்த வெறுமையே அவர்களுடைய பூச்சியம்.