மருந்து அடித்தால் மனம் சோருமா? (ஐயோவாவுக்குப் போன சண்டை)

பருத்திக்காடு: நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. "விவசாயிக்கு மனச்சோர்வு வந்தால் கடன்தான் காரணம், பூச்சிமருந்தைச் சொல்வது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது" என்கிறார். பெயர் வேண்டாம், உரக்கடை வைத்திருக்கிறார். எங்கள் சித்தப்பா பெரம்பலூர் பக்கம் இருபது வருஷம் பருத்திக்கு மோனோ (மோனோகுரோட்டோபாஸ் என்கிற பூச்சிமருந்து) அடித்தவர். வாளியில் ஊற்றி வெறுங்கையாலேயே கலக்குவார். சீசன் முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார், ராத்திரி தூக்கம் கிடையாது, நெஞ்சு படபடக்கிறது என்பார். அவருக்கு ஒரு பைசா கடன் இல்லை. அமெரிக்காவில் ஐயோவா, வட கரோலினா இரண்டிலும் 1993இலிருந்து மருந்து அடிப்பவர்களைக் கவனித்து வருகிறார்கள். அதிலிருந்து 2008இல் வந்த கட்டுரையில், மருந்து விஷம் ஏறியதாக டாக்டர் சொன்னவர்களுக்கு மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. இதுவும் முடிச்சுதானா?

செல்வம்_உரக்கடை: பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் கடை வாசலிலேயே வந்து நிற்கிறீர்கள், சந்தோஷம். ஐயோவாக்காரன் டிராக்டரில் ஏசி கூண்டுக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே அடிக்கிறான். அவன் கணக்கு நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும்?

பருத்திக்காடு: அண்ணே, உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். கூண்டுக்குள் இருப்பவனுக்கே அந்த நிலைமை என்றால், முதுகில் டேங்க் சுமந்து, வெறுங்காலோடு, காற்று எதிரே அடிக்கிறபோது அடிப்பவனுக்கு என்ன ஆகும்? பூச்சி எப்படிச் சாகிறது? நரம்பில் சேதி கடத்துகிற அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடைக்கிற நொதியை இந்த மருந்து முடக்குகிறது, அதனால் சாகிறது. அதே நொதி நம் மூளையிலும் இருக்கிறது. மருந்துக்கு எது காய்ப்புழு, எது சித்தப்பா என்று தெரியாது.

தேவி_டீச்சர்: ஒரு சின்னக் கேள்வி. மனச்சோர்வு என்று எதைச் சொல்கிறீர்கள்? டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னதையா, திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பதையா? பதற்றம் வேறு, சோர்வு வேறு இல்லையா?

செல்வம்_உரக்கடை: டீச்சர், அதை அப்புறம் பார்ப்போம். கூண்டு விஷயத்துக்குப் பதில் வரவில்லை. இன்னொன்று, மனம் சோர்ந்து கிடப்பவன்தான் கையுறை போடாமல் அலட்சியமாகக் கலக்குவான், விஷமும் ஏறும். எது முதலில் வந்தது? சித்தப்பாவிடம் கேட்டீர்களா?

பருத்திக்காடு: சித்தப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. எங்கே போய்க் கேட்பது? அந்தக் கட்டுரையிலேயே, டாக்டர் விஷம் என்று சொல்லாதவர்களிடமும், நீண்ட நாள் அடித்திருந்தால் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது என்று இருக்கிறது. அதை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? கையுறையைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? உங்கள் கடையில் ஒரு ஜோடி கையுறை வைத்திருக்கிறீர்களா?

செல்வம்_உரக்கடை: வைத்திருந்தேன். நாலு வருஷத்தில் இரண்டு ஜோடி விற்றது. "இந்த வெயிலில் இதை எவன் போடுவான்" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். போன மாசம் வேப்பங்கொட்டைக் கரைசலால் காய்ப்புழு அத்தனையும் போய்விடும் என்று சத்தியம் செய்தவர் நீங்கள்தானே? அந்த வயலின் போட்டோவைக் கடைசிவரை போடவே இல்லை.

பருத்திக்காடு: அது வேறு கதை, மழை வந்துவிட்டது. பேச்சை மாற்றாதீர்கள். 2017இல் மகாராஷ்டிராவில் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தே 20 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே ஏது கூண்டு?

செல்வம்_உரக்கடை: அது விஷம் ஏறிச் செத்தது. மனச்சோர்வு இல்லை. நீங்களே குழப்பிக்கொள்கிறீர்கள்.

வெங்காயத்தோட்டம்: நான் யாழ்ப்பாணம். இஞ்ச கிருமிநாசினி என்றுதான் சொல்லுவம், மருந்து என்று சொல்லுறதே பிழை. இலங்கையில 1995இல கடும் நஞ்சுள்ள கிருமிநாசினியளத் தடை செய்த பிறகு தற்கொலைச் சாவு நல்லாக் குறைஞ்சது.

பருத்திக்காடு: கேட்டீர்களா செல்வம் அண்ணே! தடை செய்ததும் மனம் தெளிந்துவிட்டது!

வெங்காயத்தோட்டம்: இல்லை அண்ணை, நான் அப்பிடிச் சொல்லேல்ல. கைக்கெட்டுற இடத்தில கடும் நஞ்சு இல்லாததால உயிர்கள் தப்பினது. மனசு மாறினது என்றதுக்கு அது சாட்சி இல்லை.

பருத்திக்காடு: நீங்களும் அவர் பக்கமா? சரி. மருந்து என்று சொல்வது பிழை என்கிறீர்களே, எங்கள் அப்பா காலத்திலிருந்து மருந்துதான். நீங்கள் வந்து திருத்த வேண்டாம்.

வெங்காயத்தோட்டம்: நஞ்சு நஞ்சு என்று நீங்கதானே கத்துறியள், பிறகேன் மருந்து?

தேவி_டீச்சர்: அந்த ஐயோவா ஆய்வில் கூண்டா, கைத்தெளிப்பானா, எதனால் அடிக்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் கூண்டுக்குள் இருந்தவர்கள் இல்லை. என் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

செல்வம்_உரக்கடை: டீச்சர் எப்போதும் அவர் பக்கம்தான், வேப்பங்கொட்டை விவகாரத்திலும் அப்படித்தான். எத்தனை பேர் கூண்டுக்குள், எத்தனை பேர் வெளியே? அதைச் சொல்லட்டும்.

பருத்திக்காடு: ஐயோவா ஐயோவா என்று ஐயோ வைத்துக்கொண்டே இருங்கள். கூண்டுக்குள் இருப்பவனுக்கே அந்த நிலைமை என்று மூன்றாவது தடவை எழுதுகிறேன்.

செல்வம்_உரக்கடை: இப்போதுதானே டீச்சர் எல்லாரும் கூண்டுக்குள் இல்லை என்றார்? உங்கள் ஆள் சொன்னதையே படிப்பதில்லையா?

பருத்திக்காடு: ராத்திரி வந்து விரிவாக எழுதுகிறேன். அதற்குள் அந்த இரண்டு ஜோடி கையுறையை வாங்கியது யார் என்று எழுதி வையுங்கள்.

செல்வம்_உரக்கடை: ஒன்று உங்கள் சித்தப்பா.